ஆயா பேர்ல ஒரு வீடு

ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு மூணு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். 1017ல் இங்கே பிறந்த ராமானுஜர். 1991 மே 21 ராத்திரி இங்கே கொல்லப்பட்ட ராஜீவ் காந்தி. அப்புறம் இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பிச்சு ஒரகடம் தாண்டியும் நீண்டு கிடக்கிற தொழிற்சாலைகள். நடுவுல இருக்கிற ஆயிரம் வருஷத்துல இந்த ஊர்ல யாருமே சமைச்சு சாப்பிட்டு, சண்டை போட்டு, பாகம் பிரிச்சு குடித்தனம் நடத்தலையான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நடத்தியிருக்காங்க மக்களே. அதுக்கு ஆதாரம் கல்வெட்டுல இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்து அலமாரியில இருக்கு.

இந்தப் பதிவு ஒரே ஒரு வீட்டைப் பத்தினது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுத்தியிருக்கிற வீதிகள்ல ஒண்ணுல, எங்க குடும்பத்துக்குச் சொந்தமான வீடு. (கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.)

முன்னால திண்ணை. இப்போ அதுல பாதிக்கு கம்பி கேட் போட்டு பைக் நிக்குது. அதைத் தாண்டினா ரேழி, அப்புறம் முற்றம், முற்றத்தைச் சுத்தி தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம். அதுக்குப் பின்னால ரெண்டாம் கட்டு, சமையல்கட்டு, கடைசியா கிணறும் ஒரு முருங்கை மரமும் இருக்கிற கொல்லை. அகலம் குறைச்சல், நீளம் ரயில் வண்டி மாதிரி. வாசல்ல நின்னா கொல்லைக் கதவு நேரா தெரியும். ஒட்டி ஒட்டி ஒரே சுவரைப் பகிர்ந்துக்கிட்டு நிக்கிற வீடுகள். அதனால பக்கத்து வீட்டை இடிச்சா நம்ம வீட்டு சுவர் அம்மணமா நிக்கும். எங்க வீட்டுக்கு வடபுறம் அதுதான் ஆச்சு. அங்கே இப்போ நாலு மாடி, மாடிக்கு ஆறு அறை, அறைக்கு இத்தனை பேர்னு வேலைக்குப் போற பொண்ணுங்க தங்கியிருக்காங்க. அதைப் பார்த்துட்டுத்தான் எங்க வீட்டையும் இடிச்சு அதே மாதிரி கட்டலாம்னு ஒரு பில்டர் வந்தார்.

தாத்தா கட்டின கணக்குல எங்க குடும்பத்துல மூணு வாரிசு. பெரியப்பா, அப்பா, அத்தை. பெரியப்பாதான் கடைசி வரைக்கும் இந்த வீட்டுல இருந்தவர். பில்டர் கேட்டது ரெண்டு. ஒண்ணு, சொத்து யார் பேர்ல இருக்குன்னு காகிதம். இன்னொண்ணு, அத்தைகிட்ட இருந்து ஒரு விடுதலைப் பத்திரம். "எனக்கு இதுல பாகம் வேண்டாம்"னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறது. அதுக்கு ஒரு பட்டுப்புடவையும் கொஞ்சம் பணமும்னு பேச்சு. "பூர்வீகச் சொத்து, அவளுக்குக் கல்யாணம் ஆனது 1984. தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்குப் பங்குன்னு சட்டம் வந்தது 1989. அதுவும் அப்போ கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்குத்தான்"னு பெரியப்பா பாயின்ட் பாயின்டா பேசுவார். அத்தை ஒண்ணும் பேச மாட்டாங்க. "சரிண்ணா, யோசிச்சு சொல்றேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவாங்க. மூணு தடவை யோசிச்சு சொல்றேன்னாங்க.

வீட்டுல படிச்சவன், பொட்டி தட்டுறவன், ஆன்லைன்ல எல்லாம் பார்க்கத் தெரிஞ்சவன்னு காகிதம் தேடற வேலை என் தலையில விழுந்தது. ஒரகடத்துல வண்டிக்குள்ள ஓடற மென்பொருளை டெஸ்ட் பண்றது என் பொழப்பு. தப்பு எங்கே ஆரம்பிச்சதுன்னு லாக் ஃபைல்ல பின்னோக்கிப் போறது தினப்படி வேலை. இதுவும் கிட்டத்தட்ட அதேதான், என்ன, லாக் ஃபைலைக் கரையான் தின்னிருக்கும் :)

முதல்ல பெரியப்பா எடுத்துக் காட்டினது பட்டா. அவர் பேர்லயே இருந்தது. இங்கேதான் நிறைய பேர் நின்னுடறாங்க. அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ஊர்க்குள்ள வீடுகள் இருக்கிற நிலத்துக்கு நத்தம்னு பேர். வெள்ளைக்காரன் காலத்து சர்வேயில் வயலை எல்லாம் துண்டு துண்டா அளந்து நம்பர் போட்டவங்க, நத்தத்தை அப்படி அளக்கலை. வரி வராத இடத்தை எதுக்கு மெனக்கெட்டு அளக்கணும்? ஒரே சர்வே நம்பருக்குள்ள வீதி, வீடு எல்லாத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு விட்டுட்டாங்க. 1979ல் தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைத் திருத்தற வேலை (யூ.டி.ஆர். னு சொல்லுவாங்க) ஆரம்பிச்சப்பவும் அது விளைநிலத்துக்குத்தான். அதுக்கப்புறம் நத்தம் நிலவரித் திட்டம்னு தனியா வந்துதான் வீடு வீடா அளந்து, முதல்ல தோராயப் பட்டா, அப்புறம் தூய பட்டான்னு குடுத்தாங்க. அளக்க வந்தப்போ வீட்டுல யார் இருந்தாங்களோ பெரும்பாலும் அவங்க பேர் ஏறிடுச்சு. பெரியப்பா இருந்தார், அவர் பேர் ஏறிச்சு. அவ்வளவுதான். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அதுவே உரிமையைத் தந்துடாதுன்னு நீதிமன்றங்கள் சலிக்காம சொல்லிக்கிட்டு இருக்கு. உரிமைக்குப் பத்திரம் வேணும். மூலப்பத்திரம்.

அது வீட்டுல இல்லை. தாத்தாவோட தகரப் பெட்டியில இருந்தது வீட்டு வரி ரசீதுகள், சைக்கிள் கடை லைசென்ஸ், ஒரு ரேஷன் கார்டு. வரி ரசீது எல்லாம் தாத்தா பேர்ல. அதனால தாத்தா வாங்கின வீடு, இல்லைன்னா அவர் அப்பா வழியில வந்த வீடுன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க.

வில்லங்கச் சான்றிதழ் பதிவுத்துறை இணையதளத்துலயே பார்க்கலாம். ஆனா அது பதிவான பரிமாற்றத்தை மட்டும்தான் காட்டும். பதிவு பண்ணாத உயில், வாய்மொழி பாகப்பிரிவினை, வெள்ளைத்தாள்ல எழுதிக்கிட்ட கூர்ச்சீட்டு எதுவும் அதுல வராது. எங்க வீட்டுக்கு இணையத்துல கிடைச்ச வருஷங்கள் முழுக்க 'இல்லை'. நாற்பது வருஷத்துக்கு மேல யாரும் வாங்கலை, விக்கலை, அடகு வைக்கலை. அதுக்கு முந்தின காலத்துக்கு மனு போட்டு, கட்டணம் கட்டி, அட்டவணைப் புத்தகத்துல தேடச் சொல்லணும். பதிவுச் சட்டப்படி ரெண்டு அட்டவணை முக்கியம். ஒண்ணு ஆள் பேர் வாரியா, இன்னொண்ணு சொத்து வாரியா. நத்தத்துல வீட்டுக்குத் தனி நம்பர் இல்லாததால சொத்து வாரித் தேடல் நமக்கு அவ்வளவா உதவாது. பேர் வாரியாத்தான் தேடணும். தாத்தா பேர்ல தேடினா எதுவும் இல்லை. தாத்தாவோட அப்பா பேர்ல தேடினா அதுவும் இல்லை.

ஆயா பேரைப் போட்டுத் தேடச் சொன்னது அத்தை. போன்ல ஒரே ஒரு வரி, "அம்மா பேரையும் பாரேன்."

இருந்தது. 1961. கிரையப் பத்திரம். வாங்கினவர் இடத்துல ஆயா பேர், 'மேற்படியார் மனைவி'ன்னு தாத்தா பேர் அதுக்குக் கீழே. மாம்பலத்துக்குக் குடிபோன ஒரு குடும்பம் வித்திருக்காங்க. விலை 4,500 ரூபாய். நகல் கைக்கு வந்த அன்னிக்கு அத்தைகிட்டப் படிச்சுக் காட்டினேன். ஆயா வீட்டுல போட்ட அட்டிகையும் ஒட்டியாணமும் எங்கே போச்சுன்னு சின்ன வயசுல கேட்டதுக்கு, ஆயா சுவரைத் தட்டி "இதோ இங்கேதான்டி இருக்கு"ன்னு சொல்வாங்களாம். அத்தை அதை விளையாட்டுன்னு நினைச்சிருக்காங்க.

சட்டம் இதுல ரொம்பத் தெளிவு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ம் பிரிவுப்படி பெண் பேர்ல இருக்கிற சொத்து அவங்களுக்கே முழு உரிமை. உயில் எழுதாம அவங்க இறந்தா 15ம் பிரிவுப்படி கணவருக்கும் மகன் மகள் எல்லாருக்கும் சமபாகம். தாத்தா முன்னாடியே போயிட்டார். ஆக பெரியப்பாவுக்கு மூணுல ஒண்ணு, அப்பாவுக்கு மூணுல ஒண்ணு, அத்தைக்கு மூணுல ஒண்ணு. 1984ல் கல்யாணமா 1994ல் கல்யாணமாங்கிற கேள்வியே எழாது. (சொல்லப்போனா பூர்வீகச் சொத்தா இருந்திருந்தாலும் பெரியப்பா வாதம் நின்னிருக்காது. 2005ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்திடுச்சு. 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா வழக்குல உச்சநீதிமன்றம் அதை இன்னும் அழுத்தமா சொல்லிடுச்சு.)

இதோட என் வேலை முடிஞ்சிருக்கணும். ஆனா 1961 பத்திரத்துல "முன் ஆவணம்"னு ஒரு நம்பர் இருந்தது. 1919ம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். லாக் ஃபைல்ல இன்னொரு லிங்க் தெரியுது, கிளிக் பண்ணாம இருக்க முடியுமா?

அந்த நகல் கைக்கு வர நாளாச்சு. வந்தப்புறம் படிக்க அதைவிட நாளாச்சு. புள்ளி வைக்காத கூட்டெழுத்து. தொகை எல்லாம் தமிழ் எண்ணுல, அதுலயும் அரைக்கால், மாகாணி, வீசத்துக்குத் தனித்தனி குறி. தேதி 'சித்தார்த்தி வருஷம்'னு. நம்ம அறுபது வருஷக் கணக்கு இருக்கே, அது புரோகிராமருக்குப் பிடிச்ச விஷயம், மாடுலோ 60. சித்தார்த்தின்னா 1859 ஆகவும் இருக்கலாம், 1919, 1979 ஆகவும் இருக்கலாம். நல்லவேளையா இங்கிலீஷ் தேதியும் போட்டிருந்தாங்க. ஊர்ப் பேர் 'ஸ்ரீபெரும்பூதூர்', ஜில்லா செங்கல்பட்டு. (தேடறவங்க கவனத்துக்கு: அதே செங்கல்பட்டு அப்புறம் செங்கை அண்ணா ஆச்சு, 1997ல் பிரிஞ்சு நாங்க காஞ்சிபுரம் மாவட்டம். மூணு பேர்லயும் காகிதம் இருக்கும்.)

நடை பாருங்க, அதுதான் அழகு. வீட்டோட சேர்த்து நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம்னு ஒரு பட்டியல். அதாவது இந்த மண்ணுக்கடியில புதையல் கிடைச்சா, யாராவது புதைச்சு வச்சது கிடைச்சா, தண்ணி, மரம், கல்லு எல்லாம் உனக்கேன்னு அர்த்தம். அஷ்டபோகம்னு சொல்ற இந்தப் பட்டியல் விஜயநகர காலத்துச் செப்பேடுகள்ல ராஜா பிராமணருக்கோ கோயிலுக்கோ ஊரையே தானம் குடுக்கும்போது எழுதற வாசகம். அது இறங்கி இறங்கி, இருபதாம் நூற்றாண்டுல இருபதடி அகல வீட்டுக்கும் பத்திர எழுத்தர் கை பழக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கு. எங்க கொல்லையில இருக்கிற 'தரு' ஒரே ஒரு முருங்கை. 'நிக்ஷேபம்' ஆயா புதைச்ச அட்டிகை, அதுவும் சுவரா மாறிடுச்சு.

பத்திரத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேர் பாகம் பிரிச்சுக்கிறாங்க. முன்கட்டு ஒருத்தருக்கு, ரெண்டாம் கட்டு ஒருத்தருக்கு, கிணறும் நடையும் பொது. இதுவரைக்கும் வழக்கமானதுதான். அதுக்கப்புறம் ஒரு பத்தி. இவங்களோட இறந்துபோன இன்னொரு சகோதரன் மனைவிக்கு ரெண்டாம் கட்டுல சமையல்கட்டை ஒட்டின உள்ளுல ஆயுள் பரியந்தம் வசிக்கிற பாத்தியதை உண்டு, வருஷத்துக்கு இத்தனை கலம் நெல்லும் இத்தனை ரூபாயும் ஜீவனாம்சம் உண்டு, ஆனா விக்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியதை இல்லை. அந்தம்மா கையெழுத்து இல்லை. கைநாட்டு, பக்கத்துல எழுத்தர் 'இன்னார் கீறல்'னு எழுதியிருக்கார்.

1919ல் அதுதான் சட்டம். பிரியாத குடும்பத்துல புருஷன் செத்துட்டா அவன் பங்கு அண்ணன் தம்பிக்குப் போகும். பொண்டாட்டிக்கு சாப்பாடும் தங்க இடமும் மட்டும். 1937ல் வந்த சட்டம்தான் விதவைக்கு ஒரு பங்கு குடுத்தது, அதுவும் அவங்க உயிரோட இருக்கிற வரைக்கும் அனுபவிக்கிற அரைகுறை உரிமை. முழு உரிமை 1956ல். எங்க ஆயா பத்திரத்துல பேர் ஏத்தினது அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு. நான் சின்ன வயசுல லீவுக்கு வந்தா படுக்கிற இடம் அந்த உள்ளுதான். அரிசி மூட்டையும் பழைய பாயும் போட்டு வைக்கிற இடம். ஜன்னல் கிடையாது. மேல கையகலம் ஒரு கண்ணாடி ஓடு, அதுவழியா வர்ற வெளிச்சம்தான். பத்திரத்தைப் படிச்சப்புறம் ஒருநாள் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். எட்டடிக்கு ஏழடி.

ஓடுன்னதும் ஞாபகம் வருது. இந்த வீடு 1865ல் கட்டினதுன்னு பெரியப்பா எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்லுவார். ஆதாரம், தாழ்வாரத்து ஓட்டுல பாசல் மிஷன் பேரும் 1865ங்கிற எண்ணும் அச்சாகி இருக்கு. அது வீடு கட்டின வருஷம் இல்லை, ஓடு சுட்ட வருஷமும் இல்லை. பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்ச வருஷம். ஜார்ஜ் பிளெப்ஸ்ட்னு ஒரு மிஷனரி நேத்ராவதி ஆத்துக் களிமண்ணை வச்சு ஆரம்பிச்சது. ஸ்தாபித வருஷத்தை முத்திரையா அடிச்சிருக்காங்க, இப்போ மிட்டாய்க்கடை போர்டுல போடற மாதிரி. ஆனா இதுல ஒரு உபயோகம் இருக்கு. முதல் உலகப்போர் வந்ததும் அந்த மிஷன் சொத்துகளை பிரிட்டிஷ் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அப்புறம் அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயிடுச்சு. அதனால பாசல் மிஷன் பேர் போட்ட ஓடுன்னா பெரும்பாலும் போருக்கு முந்தின சரக்கு. 1919 பாகப்பிரிவினைக்கு முன்னாடி, வீட்டுல காசு இருந்த காலத்துல, நாட்டு ஓட்டை மாத்தி சீமை ஓடு போட்டிருக்காங்கன்னு வச்சுக்கலாம். வேற வீட்டுல பிரிச்ச ஓட்டை வாங்கிப் போடற வழக்கமும் உண்டுங்கிறதால அடிச்சு சொல்ல மாட்டேன். பெரியப்பாகிட்ட இதைச் சொன்னதுக்கு, "ஏன்டா, பத்திரத்தைத்தான் மாத்தினே, ஓட்டையுமாடா"ன்னார்.

வெளிநாட்டுல இந்த மாதிரி வீட்டைத் தோண்டறது ஒரு பெரிய பொழுதுபோக்கு. 2018ல் பி.பி.சி.யில் டேவிட் ஒலுசோகாங்கிற வரலாற்றாசிரியர் லிவர்பூல்ல ஃபாக்னர் தெரு 62ம் நம்பர் வீட்டை எடுத்துக்கிட்டு, அதுல குடியிருந்தவங்க கதையை மட்டும் வச்சு ஒரு தொடரே பண்ணினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள் வீடுவாரியா பேரோட அவங்களுக்குக் கிடைக்குது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனா நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துக்கு வேற ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. 1763ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீரா எழுதிக் குடுத்தார். என்ன வருமானம் வரும்னு தெரிஞ்சுக்க தாமஸ் பர்னார்டுங்கிற இஞ்சினியர் 1767லேர்ந்து 1774 வரைக்கும் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் கிராமங்களை அளந்தார். ஊருக்கு எத்தனை ஏரி, எத்தனை காணி நஞ்சை, எத்தனை வீடு, அதுல என்னென்ன தொழில் செய்யறவங்க, கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தச்சனுக்கும் தலையாரிக்கும் விளைச்சல்ல எவ்வளவு பங்குன்னு ஊர்வாரியா கணக்கு. இங்கிலீஷ் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கு. மூலமான ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. காந்தியவாதி தரம்பால் இதைத் தூசு தட்டி எடுத்தார், அப்புறம் சென்னையில கொள்கை ஆய்வு மையத்துக்காரங்க வருஷக்கணக்கா இதுல உட்கார்ந்தாங்க.

பர்னார்டு முடிச்சு ஆறு வருஷத்துல, 1780ல் ஹைதர் அலி படை இந்தச் சீமைக்குள்ள வந்தது. காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்ல கர்னல் பெய்லி படை செப்டம்பர் 10 அன்னிக்கு அழிஞ்சது. பாடப்புத்தகத்துல அது கம்பெனி தோத்த கதை. ஊர்க்காரனுக்கு அது ஏரி உடைஞ்சு, வயல் கருகி, ஊரை விட்டு ஓடின கதை. 1794ல் லயனல் பிளேஸ்ங்கிற கலெக்டர் வந்தப்போ பாதி ஊர் காலி. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில வர்ற துரை இவர்தான். காஞ்சி வரதருக்கு மகரகண்டி குடுத்தவரும் இவர்தான்னு சொல்லுவாங்க. அவர் காலத்துலதான் 'மிராசு'ன்னா என்ன, ஊர் நிலம் யாருக்குச் சொந்தம்ங்கிற சண்டை பெருசாச்சு. நம்ம எல்லிஸ் துரை (திருக்குறள் எல்லிஸேதான்) 1818ல் அச்சான தன் அறிக்கையில, மிராசுதாரர் உரிமை பழங்காலத்துலேர்ந்து வர்றதுன்னு பக்கம் பக்கமா வாதாடினார். அந்த உரிமைங்கிறது வயலோட நிக்கலை. நத்தத்துக்கும் நீண்டது.

இந்த இடத்துல என் கூட வேலை பார்க்கிற ஒருத்தரைப் பத்தி சொல்லியாகணும். பேர் வேண்டாம். ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில வீடு. நான் மதிய சாப்பாட்டு நேரத்துல 1919 பத்திர நகலை போன்ல பெருசாக்கிக் காட்டிக்கிட்டு இருந்தேன். பார்த்துட்டு, "எங்க வீட்டுக்கும் தேடிக் குடேன்"னார். தேடினோம். ஒரே நாள்ல முடிஞ்சது. அவங்க பாட்டி பேர்ல 1970கள்ல வந்த ஒரு பட்டா. அதுக்கு முன்னாடி எதுவும் இல்லை. "எங்களுக்கு மூலப்பத்திரமே சர்க்கார்தான் போல"ன்னு சிரிச்சார்.

அதுக்கு முன்னாடி ஏன் இல்லைங்கிறதுக்கு ஒரு காகிதம் இருக்கு. 1891ல் செங்கல்பட்டு கலெக்டரா இருந்த டிரெமன்ஹீர் எழுதின அறிக்கை. இந்த ஜில்லாவில் பறையர்கள் நிலை பத்தினது. வயல் கூலிக்காரன் உழற நிலம் மட்டும் இல்லை, அவன் குடிசை நிக்கிற சேரி மண்ணும் மிராசுதாரருக்குச் சொந்தம்னு சொல்லப்பட்டதை அதுல எழுதியிருக்கார். எதிர்த்துப் பேசினாலோ, தனியா ஒரு துண்டு தரிசுக்கு மனு போட்டாலோ, வேற இடத்துக்கு வேலைக்குப் போனாலோ, வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்ல முடியும். குடியிருப்பே கயிறு. ஜில்லாவில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து, வெஸ்லியன் மிஷன்காரங்களும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 1892ல் அரசாங்கம் தரிசு நிலத்தை ஒதுக்கி உத்தரவு போட்டது, அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விக்கக்கூடாது, அப்புறமும் அதே வகுப்புக்குள்ளதான் விக்கணும்னு நிபந்தனை. அந்த நிலத்துல எவ்வளவு இப்போ யார் கையில இருக்குங்கிறது தனிக்கதை. 1994 அக்டோபர்ல காரணையில அதைக் கேட்டுப் போராடினவங்க மேல போலீஸ் சுட்டதுல ரெண்டு உயிர் போச்சு. வீட்டுமனைக்கு வழி பிறக்க அதைவிட நாளாச்சு. அடுத்தவன் நிலத்துல குடிசை போட்டிருக்கிற விவசாயத் தொழிலாளிக்கு அந்த இடம் சொந்தம்னு தமிழ்நாட்டுல குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்தது 1971ல்.

எங்க வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தோட கடைசிப் பக்கத்துல நஞ்சை புஞ்சை பட்டியலுக்கு அப்புறம் ஒரு வரி இருக்கு. அந்த நிலங்களைச் சேர்ந்த 'குடிப்படை' சகிதம். முதல் வாசிப்புல அதைத் தாண்டிப் போயிட முடியும், அவ்வளவு சின்ன வரி. நண்பருக்கு அதையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "அப்போ எங்களுக்கும் ஆவணம் இருக்குப்பா, உங்க பத்திரத்துல"ன்னார். எனக்குப் பதில் வரலை. ரெண்டு பேரும் எழுந்து ஷிப்டுக்குப் போயிட்டோம்.

அந்தப் பட்டியல்ல இருந்த நிலங்கள் 1961க்கு முன்னாடியே கைமாறிப் போச்சு, எங்களுக்கு வந்தது வீடு மட்டும். நிலத்துல சிலது இப்போ சிப்காட் வேலிக்குள்ள இருக்கு. 1997ல் தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கவே தனியா ஒரு சட்டம் போட்டாங்க, 2001ல் அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடியே 1996ல் ஹூண்டாய் கால்கோள், 1998ல் முதல் சான்ட்ரோ. அப்புறம் நோக்கியா வந்தது, 2014 நவம்பர் 1ல் மூடிச்சு. அந்த வருஷம் எங்க வீதியில டூலெட் போர்டு இல்லாத வீடு இல்லைன்னு பெரியப்பா சொல்வார். 2010ல் ரெனோ நிஸ்ஸான், அப்புறம் டெய்ம்லர், என்ஃபீல்டுன்னு ஒரகடம் வளர்ந்தது. ஊர்க்குள்ள வர்ற ஆள் எண்ணிக்கை ஏற ஏற, முற்றம் வச்ச வீடு எல்லாம் வீண் இடமாத் தெரிய ஆரம்பிச்சது. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பொண்ணுங்க விடுதிச் சாப்பாடு ஒத்துக்காம ஆஸ்பத்திரியில சேர்ந்து, மத்தவங்க நெடுஞ்சாலையில உட்கார்ந்தப்போதான் இந்த விடுதிகளுக்குள்ள எப்படி இருக்காங்கன்னு ஊருக்கே தெரிஞ்சது. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்கற குடியிருப்பு 706.50 கோடி செலவுல திறந்தாங்க. நல்ல விஷயம். ஆனா அதோட எங்க வீதி விடுதிகளுக்கு கிராக்கி குறையுமான்னு பில்டருக்கே சந்தேகம் வந்து, குடுக்கிறேன்னு சொன்ன தொகையைக் குறைச்சுக்கிட்டார் ;)

பழசைக் காப்பாத்து, இடிக்காதேன்னு எழுதறது சுலபம். இலங்கையில காலிக் கோட்டையை 1988ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. வீடு நின்னது, வீட்டுக்காரங்கதான் நிறைய பேர் வித்துட்டு வெளியே போனாங்க. எங்க வீதிக்கு எந்தப் பட்டியலும் இல்லை. அப்படி ஒண்ணு வந்தா ஓட்டை மாத்தக்கூட மனு போடணும், அதுக்கு யார் செலவழிப்பாங்கன்னு கேட்பார் பெரியப்பா. நியாயமான கேள்விதான். மழைக்காலத்துல முற்றத்துத் தண்ணியை ராத்திரி ரெண்டு மணிக்கு வாளியில மொண்டு கொட்டினவர் அவர், நான் இல்லை.

குடும்பக் கதைக்கு வர்றேன். ஆயா பத்திரத்தைக் கொண்டுபோய் பெரியப்பாகிட்ட குடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சார். ஆயாவோட கையெழுத்து இருக்கிற இடத்துல நிறுத்தினார். ஆயா மூணாவது வரைக்கும்தான் படிச்சவங்க, எழுத்து கூட்டிக் கூட்டிப் பெருசா போட்டிருப்பாங்க. "அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னு மட்டும் சொன்னார். விடுதலைப் பத்திரப் பேச்சு அன்னையோட நின்னுபோச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அத்தை வந்தாங்க. நானும் அப்பாவும் சண்டை வரும்னு தயாரா இருந்தோம். அத்தை கேட்டது மூணுல ஒண்ணு, பத்திரத்துல எழுதி. பணமா இப்போ வேண்டாம். பெரியப்பா இருக்கிற வரைக்கும் முன்கட்டுல இருக்கட்டும், ஆனா வித்தாலும் இடிச்சாலும் தன்னைக் கேட்கணும். பெரியம்மா காபி கொண்டுவந்து வச்சாங்க. பெரியப்பா, "உன்னைக் கேட்காம யாரும்மா இடிக்கப் போறாங்க"ன்னார். மூணு மாசம் முன்னாடி அவர் என்ன சொன்னார்னு எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, யாரும் எடுக்கலை.

வாரிசுச் சான்றிதழ் வந்தாச்சு. பட்டாவை மூணு பேருக்கும் கூட்டுப் பட்டாவா மாத்த மனு போட்டிருக்கு. வீட்டை இடிக்கிறதா வேண்டாமான்னு இன்னும் முடிவாகலை. அத்தைக்கும் வைக்கணும்னு பிடிவாதம் இல்லை. "உள்ளே ஒரு ஜன்னல் வை முதல்ல"ங்கிறாங்க. ஜன்னல் வைக்க கொத்தனார் வந்து பார்த்தார். சுவர் ஒண்ணரை அடி, சுண்ணாம்புக் காரை. சிமெண்ட் பூசினா ஒத்துக்காது, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளைக் காஞ்சிபுரத்துலேர்ந்துதான் கூப்பிடணும்னு சொல்லியிருக்கார். தை மாசம் வர்றாங்க.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பழைய பத்திரம் படிச்சுப் பழக்கம் உள்ளவங்க யாராவது இருந்தா ஒரு உதவி. 1919 பத்திரத்துல அந்தம்மாவுக்குக் குடுத்த நெல் அளவுக்குப் பக்கத்துல கலக் குறிக்கு அப்புறம் இன்னொரு குறி இருக்கு. அது மரக்காலா, பதக்கான்னு எனக்குப் பிடிபடலை. படம் அனுப்பறேன், பார்த்துச் சொல்லுங்க.